ஐந்தாம் பாட்டில் ஒரு டம்ளர்

இரண்டு கையையும் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் அந்த நேரம் பார்த்துத்தான் மூக்கு அரிக்கும். சுபாஷிணிக்கு அரித்தது. சுளித்துப் பார்த்தாள், தோளை உயர்த்தித் தேய்க்கப் பார்த்தாள், எட்டவில்லை. ஆட்டாதீங்கக்கா மயில் கழுத்து கோணிக்கும் என்று மருதாணி போடும் மேகலா குனிந்த தலை நிமிராமல் சொன்னாள், ஆகவே மயிலுக்காக மூக்கைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரம்பூரில் குறுகல் படியேறிப் போகிற இந்த பார்லருக்கு அவள் வந்தது அக்காவின் கட்டளை. நாளைக்கு அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம், சித்திக்காரி மொட்டைக் கையோடு வந்து நின்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள், ஆல்பம் கீல்பம் எல்லாம் உன்னோடு வைத்துக்கொள், மருதாணி வைத்துக்கொண்டு ஒழுங்காக வந்து சேர். முப்பத்தொன்பது வயதில் முழங்கை வரை மாங்காயும் கொடியும். வலது கை முடிந்துவிட்டது, இடது கை நடந்துகொண்டிருந்தது. கோனிலிருந்து வரும் பச்சை விழுது தோலில் படும்போது சில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் காய்ந்து இழுத்தது, நீலகிரித் தைல வாசனை தொண்டைவரை போனது. எதிரே கண்ணாடி, அதற்குக் கீழே பலகை, பலகையில் சீப்பு டப்பா, டப்பாவில் சாய்த்து வைத்த அவளுடைய போன். போன் அவ்வப்போது நடுங்கியது. நடுங்கும்போதெல்லாம் பலகையில் இம்மி இம்மியாக நகர்ந்தது. இப்படியே போனால் ஓரத்துக்கு வந்து விழும், விழட்டும், ஐயோ விழக்கூடாது, விழுந்து உடைந்த நேரம் பார்த்து அவன் கூப்பிட்டால். அவன் எங்கே கூப்பிடப் போகிறான். வெள்ளிக்கிழமை அவள் மெட்டமைத்துப் பாடிய ஆல்பம் வந்தது, இன்றைக்குச் செவ்வாய், ஊரில் காது உள்ளவன் எல்லாம் அபிப்பிராயம் சொல்லியாகிவிட்டது, காது இல்லாதவனும் சொல்லிவிட்டான், தில்லைநாயகம் மட்டும் சொல்லவில்லை. அவன் ஒருத்தன் கேட்க வேண்டும் என்றுதான் அவள் அதைச் செய்ததே. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போன் மறுபடி நடுங்கியது. மேகலா கோனைக் கீழே வைத்து விரலை நெட்டி முறித்துக்கொண்டு, யாருக்கா இவ்ளோ மெசேஜ் போடுறாங்க, கல்யாணப் பொண்ணுகூட இப்படி வாங்க மாட்டா என்றாள். பாட்டு கேட்டவங்க என்றாள் சுபாஷிணி. சொன்ன பிறகு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், ஆனால் மனசு சும்மா இருக்க விடவில்லை, யார் போட்டிருக்காங்கன்னு பேரை மட்டும் பாரேன் என்று சொல்லிவிட்டாள், பூட்டைத் திறக்கும் எண்ணையும் சொல்லிவிட்டாள். பேரை மட்டும் பார்க்கச் சொன்னால் யார் பேரோடு நிற்கிறார்கள். மேகலா ரேஷன் கடையில் கார்டு கூப்பிடுகிற குரலில் ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தாள். செம்ம அக்கா, நாலு நெருப்பு படம். ஒண்ணும் புரியல ஆனா அழுகை வந்துச்சு. என் பையன் இதைப் போட்டாத்தான் தூங்குறான். வாசித்த கையோடு, தூக்கம் வருதுன்னா அது பாராட்டாக்கா திட்டாக்கா என்று கேட்டாள், சுபாஷிணிக்கே தெரியவில்லை. தமிழ் தமிழ்னு மேடையில பேசுறீங்க, எட்டுப் பாட்டுல ஒரு தமிழ்ச் சொல் கிடையாது, வெட்கமா இல்லையா. அதைப் போட்டவர் தன் பெயருக்கு முன்னால் செந்தமிழ் என்று சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே ஒருத்தன், வரி எழுத ஆள் கிடைக்கலையா சிஸ்டர். இதுக்குத்தான்கா நெறைய பேர் சிரிச்சு வெச்சிருக்காங்க என்றாள் மேகலா, கொஞ்சம் தயங்கி, தானும் சிரித்தாள். சுபாஷிணி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அத்தனை பேரில் உண்மையைச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். ஆமாம் தம்பி, கிடைக்கவில்லை. ஆள் இருந்தான், போய்விட்டான். சினிமாவில் மெட்டுப் போடுகிறவர்கள் முதலில் தன்னானே தானே என்று வாயில் வந்ததை வைத்துப் பாடிக் காட்டுவார்கள், தத்தகாரம் என்பார்கள், வரி பின்னால் வந்து அதன்மேல் உட்காரும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி. எட்டுப் பாட்டிலும் சுபாஷிணி சாரத்தை மட்டும் நிறுத்திக் காட்டியிருந்தாள். ஆல்பத்துக்குக் கோடிட்ட இடம் என்று பெயர் வைத்தாள். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாளில் வருமே, கோடிட்ட இடத்தை நிரப்புக, அந்தக் கோடிட்ட இடம். அயனாவரத்தில் அவர்கள் பாட்டுக் கட்டிய மாடி அறைக்கு வீட்டுக்காரர் ஒரு நாள் வந்து, தம்பி உனக்கு என்னப்பா தொழில் என்று, அவளுக்கு வரி எழுதிக்கொண்டிருந்த தில்லையைக் கேட்டபோது அவன் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், கோடிட்ட இடத்தை நிரப்புறது சார் என்றான். வாத்தியார் வேலையா என்று கேட்டுவிட்டு அவர் திருப்தியாக இறங்கிப் போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பெயரை ஆல்பத்தின் நெற்றியில் எழுதி ஊரெல்லாம் ஒட்டிய பிறகும் ஒருத்தனுக்குப் புரியாமல் போகுமா. புரிந்திருக்கும். புரிந்தும் பேசாமல் இருக்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனசு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே ஓடிவிடும்.

ஓடி எங்கே போகும், விமர்சனங்களுக்குத்தான் போகும். இணைய இதழ் ஒன்றில் வந்த நீளமான கட்டுரை, மொழியின் தோல்வியை இத்தனை துணிச்சலாக அறிவித்த தமிழ்ப் பாட்டு இதற்கு முன் வந்ததில்லை என்றது. அவள் எதையும் அறிவிக்கவில்லை. அதைப் படித்தபோது சந்தோஷப்படத்தான் செய்தாள், பொய்க்குக் கிடைத்தாலும் மாலை மாலைதானே. மறுநாளே இன்னொருவர் இது பாதி வெந்த சோறு, இதைப் பந்தியில் வைக்கத் தைரியம் வேண்டும், அந்தத் தைரியத்தை மட்டும் பாராட்டலாம் என்று எழுதினார், அவருக்கு அவள் மனசுக்குள் கை கொடுத்தாள், பாதி வெந்ததுதான், மீதி விறகு தில்லையோடு ஓசூரில் இருக்கிறது. தொப்பி போட்ட ஒரு யூட்யூப் பையன், மக்களே இது ஆல்பமா சவுண்ட் செக்கா என்று கேட்டு மைக்கைத் தட்டிக் காட்டினான். அதைப் பார்த்து அக்கா அழுதாள், அக்காவை இவள் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. இதெல்லாம் போகட்டும். தொண்டையில் முள்ளாக நின்றது வேறு. சனிக்கிழமை ஒரு பேட்டியில், ஏன் மேடம் சொற்களே இல்லை என்று அந்தப் பெண் கண்ணை விரித்துக் கேட்டாள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருத்தருக்காக இடம் விட்டு வைத்திருக்கிறேன் என்று ஒரு வரி, தலை போய்விடாது. ஆனால் விளக்கு முகத்தில் அடித்தது, சொல் பிறப்பதற்கு முன்னால் ஒரு வெளி இருக்கிறது, நான் அந்த வெளியில் நிற்க விரும்பினேன் என்று எங்கேயோ படித்ததுபோல் ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்தது. வந்ததுதான் தாமதம், அதைப் பிடித்துக்கொண்டு ஆளாளுக்கு எழுதினார்கள், அவள் படத்துக்கு மேல் அந்த வரியைப் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள். தில்லை அதைப் பார்த்திருப்பான். பார்த்துவிட்டு, ஓ இவளுக்குச் சொல்லே வேண்டாமாம், நாம்தான் ஏதோ நினைத்துக்கொண்டோம் என்று ஓசூரில் அண்ணனுடைய பெயிண்டு கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி போனைக் கவிழ்த்து வைத்திருப்பான். கதவைத் திறந்து வைத்து அழைப்பது ஒரு பாட்டுக்கு எட்டுப் பாட்டாக, அப்புறம் வாசலில் நின்று யாரும் வரத் தேவையில்லை என்று தானே சொல்வது. தன் வாயால் கெடுவதில் தவளைக்கு அடுத்தபடி அவள்தான்.

மேகலா இடது கை விரல்களுக்கு வந்திருந்தாள், ஒவ்வொரு விரலாகப் பிடித்து நிமிர்த்தி நுனியில் பச்சையைக் குல்லாய் மாதிரி அப்பினாள். யாராவது விரலைப் பிடித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று நினைப்பு வந்தது, அந்த நினைப்பை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தில்லை அவள் விரலைப் பிடித்ததில்லை. அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். அயனாவரம் மாடி அறையில் அவள் கீபோர்டு முன்னால் தரையில் உட்காருவாள், அவன் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு டீ டம்ளரை மடியில் வைத்துக்கொள்வான், எவர்சில்வர் டம்ளர், டீக்கடையில் டீயோடு வாங்கி வந்து திருப்பிக் கொடுக்காதது. அவள் தத்தகாரத்தில் பாடுவாள். அவன் கண்ணை மூடியிருப்பான். தூங்குகிறானோ என்று தோன்றும். திடீரென்று மோதிர விரலால் டம்ளரில் ஒரு தட்டு தட்டுவான். தட்டினால் அந்த இடத்தில் ஒரு சொல் வந்துவிட்டது என்று அர்த்தம். பாட்டை நிறுத்தக் கூடாது, கேட்கக் கூடாது, தொடர்ந்து பாட வேண்டும், முடிந்த பிறகு தட்டிய இடங்களில் என்னென்ன சொல் வந்தது என்று அவன் வரிசையாகச் சொல்வான். ஒரு முறை, தட்டிய இடத்தில் கொதிநிலை என்று ஒரு சொல்லை வைத்தான், காதல் பாட்டில் கொதிநிலையா என்று சண்டை போட்டாள், அடுத்த நாள் பாடிப் பார்த்தால் அதைத் தவிர வேறெதுவும் அந்த இடத்தில் உட்காரவில்லை. அவன் தட்டாவிட்டால் அந்த மெட்டு அவ்வளவுதான். வெகுநேரம் சத்தம் வராவிட்டால் அவளுக்குக் குரல் தானாகவே சுருங்கும், இது வேண்டாம் வேற போடுறேன் என்று நிறுத்திவிடுவாள், அப்படி நிறுத்திய மெட்டை மறுபடி தொட்டதே இல்லை. எத்தனையோ மெட்டு அப்படிச் செத்தது. நல்ல மெட்டும் அதில் இருந்திருக்கும். ஆனால் அவளுக்கு அந்த ஒரு சத்தம் வேண்டும், அது வந்தால்தான் மூச்சு மேலே போகும், கூட்டம் கைதட்டியபோதெல்லாம்கூட அவளுக்கு அது போதவில்லை. ஆசைதான். வேறென்ன பேர் சொல்வது. அவனை அவளுக்கு வேண்டியிருந்தது, அவன் சொற்களோடு சேர்த்து, அவன் டம்ளரோடு சேர்த்து. சொல்லியிருக்க வேண்டும். தத்தகாரத்தில்கூடச் சொல்லவில்லை.

கடைசி நாளை நினைக்காமல் இருக்க அவள் தினமும் ஏதாவது செய்வாள், பாத்திரம் தேய்ப்பாள், பிள்ளைகளுக்குக் கீபோர்டு வகுப்பு எடுப்பாள். இப்போது கை இரண்டும் கட்டிப்போட்டது மாதிரி இருக்க, அது நேராக வந்து மடியில் உட்கார்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், மழைக்கு முந்திய மதியம், மின்விசிறி கடகடவென்று சுற்றியது, அவள் ஒரு புது மெட்டைப் பாடினாள், கீழே கீழே இறங்கிவிட்டு யாரும் எதிர்பார்க்காத இடத்தில் எழும்புகிற மெட்டு. பாட்டு நினைவிலிருந்து நழுவிவிடக் கூடாது என்று போனில் பதிவு போட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு அவன் தட்டினான் பாருங்கள், அப்படி என்றைக்கும் தட்டியதில்லை, ஒரு அடிக்கு ஒன்று, சில அடிக்கு இரண்டு, தாளத்தில் இல்லாமல் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக. அவளுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது, பாடிக்கொண்டே சிரித்தாள், அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது. முடித்துவிட்டு, சொல்லு சொல்லு என்றாள். அவன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு, ஊறட்டும், அப்புறம் சொல்றேன் என்றான். அதற்கு முந்தைய சில வாரங்களாகவே இந்த ஊறட்டும் வந்திருந்தது. ஊறுகாயா போடுற என்று கேலி செய்தாள். அடுத்த வாரம் அவன் ஓசூருக்கு அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ளப் போனான், கொஞ்ச நாளைக்குத்தான் சுபா, மெட்டெல்லாம் அனுப்பு, எழுதி அனுப்புறேன் என்றான். அனுப்பினாள். நீல நிறத்தில் இரண்டு டிக் விழும், கேட்டுவிட்டான் என்று தெரியும், பதில் வராது. பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அவள் பிறந்த நாளுக்கு ஒரு கேக் படம். அந்த மதியம் தட்டிய சொற்களை மட்டும் அவன் திருப்பித் தரவே இல்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் பாட்டுக்குப் பிறந்த சொற்கள் எங்கேயோ அவனிடம் இருக்கின்றன, அந்த நினைப்புதான் அவளை அரித்தது. வேறு யாருக்காவது கொடுத்துவிட்டானோ. புதுப் படம் எது வந்தாலும் பாட்டு எழுதியவர் பெயரைத் தேடினாள். வேறு பெயர் இருந்தாலும், புனைபெயரில் எழுதியிருப்பானோ என்று அந்த வரிகளைத் தன் மெட்டின் தட்டு விழும் இடங்களில் வைத்து வைத்துப் பார்த்தாள், ஒன்றும் சேரவில்லை, சேராதது நிம்மதியாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது.

அந்தப் பதிவைத்தான் அப்படியே ஐந்தாம் பாட்டாக வைத்தாள். மற்ற ஏழு பாட்டையும் ஸ்டுடியோவில் போய்த் திரும்பப் பாடினாள், இதை மட்டும் பாடப் பாட உயிர் இல்லாமல் போனது, கடைசியில் அந்த மாடி அறையையே, மின்விசிறியோடு, சிரிப்போடு, டம்ளரோடு, அடியில் போட்டு அதற்கு மேல் வயலினும் வாத்தியங்களும் அடுக்கினாள். மிக்ஸிங் செய்த ரஃபீக், மேடம் இடையில ஏதோ பாத்திரச் சத்தம் வருது, துடைச்சிடவா என்று பவ்யமாகக் கேட்டார். அது பாட்டு, மத்ததைத்தான் வேணும்னா துடைங்க என்று அவள் சொன்னதில் மனுஷன் பயந்துபோனார். இப்போது பார்த்தால் ஊரெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் பேசுகிறது. தாளத்துக்கு எதிரான தாளம் என்று ஒருவர். அது ஐந்தெண்ணிக்கைக் கண்ட சாபு தாளம்தான், இடையில் தொடங்கும் இடம் மாறுகிறது என்று ஒரு மிருதங்க வித்துவான், கண்ட சாபு உங்கள் காதில்தான் இருக்கிறது என்று அவருடைய சீடனே, இரண்டு நாளாக அந்தச் சண்டை ஓடுகிறது. ஒரு பொறியியல் மாணவன் தட்டுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து வரைபடம் போட்டு, இதில் ஏதோ ஒழுங்கு இருக்கிறது, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தான். பிள்ளைகள் காப்பி டம்ளரைத் தட்டி வீடியோ போடுகிறார்கள். இதற்கு நடுவில் இன்னொரு கூட்டம், எட்டுப் பாட்டுக்கும் தாங்களே வரி எழுதி அனுப்பியது. சேலத்திலிருந்து ஒரு ஆசிரியை, அபுதாபியிலிருந்து ஒரு கிரேன் ஓட்டுநர், நல்ல வரிகள்கூட இருந்தன. கிரேன் ஓட்டுநர் எழுதியதில் ஒரு வரி, இறக்கி வைக்க இடமில்லாத பாரம் என்பது, அவளை மறுபடி மறுபடி படிக்க வைத்தது. இருந்தாலும் ஐந்தாம் பாட்டுக்கு வந்த வரிகளை மட்டும் அவளால் படிக்க முடியவில்லை. பஸ்ஸில் ஒருத்தருக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கும்போது வேறு ஆள் வந்து துண்டைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு உட்காருவது மாதிரி இருந்தது. ஆள் வராங்க, ஆள் வராங்க என்று எத்தனை நிறுத்தத்துக்குத்தான் சொல்வது. கேட்பவர்களும் அவள் முகத்தை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

மேகலா கடைசி விரலை முடித்துவிட்டு, இரண்டு கையையும் தலையணை மேல் மலர்த்தி வைத்து, சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சால் ஒற்றினாள். காயணும்க்கா, கைய மூடிடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து, அப்படி என்னதான் பாட்டு என்று கேட்டுக்கொண்டே முதல் பாட்டைக் கொஞ்சம் ஓட விட்டாள், பாட்டு ஃபுல்லா இப்படியேதானா என்றாள், ஆமாம் என்றதும் மரியாதைக்கு இன்னும் கொஞ்சம் கேட்டாள். அவளுக்குக் குத்துப்பாட்டுதான் பிடிக்குமாம், வேலை செய்யும்போது கை வேகமாக ஓடுமாம். சுபாஷிணிக்கு அது தவறாகவே படவில்லை. சொல் வேண்டும். மனுஷருக்குச் சொல் வேண்டும். அவளுக்கே வேண்டித்தானே இப்படி இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கோயில் வாசலில் உட்கார்ந்த மாதிரி. ஒரு சொல், அந்த மதியத்தின் முதல் தட்டுக்கு உரிய ஒரே ஒரு சொல்லை அவன் சொன்னால் போதும், மீதியை அவனே வைத்துக்கொள்ளட்டும், விற்றுத் தின்னட்டும். இல்லை, அதுவும் பொய், எல்லாம் வேண்டும். அப்போது போன் மேகலாவின் கையிலேயே நடுங்கியது. மேகலா பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தில்லைன்னு யாரோக்கா, தமிழ்லயே நீளமா அடிச்சிருக்காங்க என்றாள்.

கொடு என்று கையை நீட்டப் போனவள், ஐயையோ அக்கா என்ற சத்தத்தில் அப்படியே நின்றாள். நீட்டினால் மயில், கொடி, மாங்காய், அக்காவின் மானம், எல்லாம் சேலையில் அப்பிக்கொள்ளும். அப்பினால் அப்பட்டும். ஆனால் இந்த விரல்களால் தொட்டால் திரை என்ன ஆகும், பச்சை விழுதை வைத்துத் தேய்த்து எதையாவது அழித்துத் தொலைத்தால். கண்ணுக்கு நேரே பிடிக்கச் சொல்லலாம் என்றால் மூக்குக் கண்ணாடி வீட்டில் இருக்கிறது, பக்கத்தில் இருப்பது எதுவும் அவளுக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு புத்தி சொன்னது, மூன்று வருஷம் காத்தவளுக்கு இன்னும் அரை மணி நேரம் பெரிதா. அந்தப் புத்தியை அவள் மதிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயால் அவன் சொற்கள் வரப்போகின்றன என்பது அசிங்கமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, படி என்றாள். மேகலா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் எழுப்பி விட்ட பிள்ளை மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள்.

"சுபா. ஆல்பம் வந்த அன்றே கேட்டேன். ஐந்தாவது பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்த டம்ளர் சத்தத்தைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ எழுதுகிறார்கள். எழுதட்டும். உனக்கு மட்டும் உண்மை தெரிய வேண்டும். அன்றைக்கு எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அதற்குப் பல நாள் முன்பே வராமல் நின்றுபோயிருந்தது. உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நான் தட்டாவிட்டால் நீ பாடுவதை நிறுத்திவிடுவாய். அதனால் தட்டினேன்."

மேகலா விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். "அவ்ளோதான்கா. கீழ ஒண்ணும் இல்ல."

ஒன்றும் இல்லை. கீழேயும் இல்லை, அந்த மதியத்திலும் இல்லை. முதலில் அவளுக்குத் தோன்றியது இதுதான், பூட்டிய அறை என்று இத்தனை நாள் வாசலில் கிடந்தோமே, உள்ளே சாமானே கிடையாதாம். அவள் தேடித் தேடிப் பார்த்த சினிமாப் பாட்டுகளில் அந்தச் சொற்கள் இல்லாமல் போனதில் ஆச்சரியம் என்ன. ஓசூரிலும் இல்லை, எங்கேயும் இல்லை. யாருக்கும் கொடுக்கவில்லை அவன், கொடுக்க அவனிடம் இருந்தால்தானே. ஊறட்டும் என்றானே, டம்ளருக்குள் பார்த்தானே, அதில் டீகூடத் தீர்ந்திருந்தது, வெறும் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தனை இவள் ஊறுகாய் என்று கேலி செய்திருக்கிறாள். மனசு அங்கே கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தது, இல்லை இல்லை என்று. அப்புறம் எங்கேயோ தடுக்கி நின்றது. நான் தட்டாவிட்டால் நீ நிறுத்திவிடுவாய். சொல் வராத ஒருத்தன், வராது என்று தெரிந்த ஒருத்தன், கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, இவள் குரல் சுருங்கப் போகிற இடம் எது என்று காதைக் கூர்மையாக்கிக் காத்திருந்து, ஒவ்வொரு முறையும் அதற்குச் சற்று முன்னால் விரலை எடுத்திருக்கிறான். அதனால்தான் எந்தத் தாளத்திலும் அது அகப்படவில்லை. அவன் அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். கடைசியில் அந்த மெட்டைச் சாகவிடாமல் முடிக்க வைத்துவிட்டு, அதற்கு மேல் நடிக்கத் தெம்பில்லாமல் பெயிண்டு கடைக்குப் போய்விட்டான். இப்படி ஒருத்தன் தன் பாட்டைக் கேட்டிருக்கிறான் என்று தெரியாமலே அவள் மூன்று வருஷமாக, யாராவது கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறாள்.

அக்கா அழறீங்களா என்றாள் மேகலா. டிஷ்யூ எடுத்து, குழந்தைக்குத் துடைப்பது மாதிரி கண்ணையும் மூக்கையும் துடைத்துவிட்டாள், போகிற போக்கில் அந்த மூக்கு அரிப்பும் நின்றது. அந்த மெசேஜில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை, யாரோ டம்ளரைத் தட்டினேன் என்கிறார், அவ்வளவுதானே, ஆனால் கேட்கவில்லை, பதில் என்ன போடட்டும் என்று மட்டும் கேட்டாள். சுபாஷிணி யோசித்தாள். வாயில் தன்னானே என்றுதான் வந்தது. ஒண்ணும் போடாத, நானே போட்டுக்குறேன், இப்ப அந்த அஞ்சாவது பாட்டைப் போடு என்றாள். முதலில் மின்விசிறி வந்தது, கடகடவென்று. பிறகு அவளுடைய குரல், இறங்கி இறங்கிப் போகிற குரல். இந்தப் பாட்டை அவள் நூறு முறை கேட்டிருப்பாள், ஒவ்வொரு முறையும் தட்டு விழும் இடத்தில் காதை வைத்து, உள்ளே என்ன சொல் என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டவள். இன்றைக்கு அந்த வேலை இல்லை. முதல் தட்டு விழுந்தது. பாடு என்று அது சொன்னது. அடுத்ததும் அதையேதான் சொன்னது. குரல் எழும்ப வேண்டிய இடத்துக்குப் போவதற்கு முன்னால் இரண்டு தட்டு சேர்ந்தாற்போல் விழுந்தது, அங்கேதான் அன்றைக்கு அவள் சிரித்தாள், போனுக்குள் அவள் சிரித்தாள், தலையணை மேல் மலர்த்தி வைத்த கைகள் நடுங்க ஆரம்பித்தன.

"அக்கா, கை ரொம்ப ஆடுது," என்றாள் மேகலா. "டிசைன் போயிடும். பாட்ட நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தாத," என்றாள் சுபாஷிணி.